எய்தவன் இருக்க அம்புக்கு அபராதமா?

செஞ்சிக் கோட்டையின் ராஜகிரியை ஒரு பக்கமும் கிருஷ்ணகிரியை மறு பக்கமும் விட்டுத் திண்டிவனம் – திருவண்ணாமலை ரஸ்தா போகிறது. தேசிங்கு ராஜன் 1714-ல் இந்த மண்ணில் மாண்டான். அவனுடைய குதிரை பாய்ந்த வேகத்தை இன்றும் இந்தச் சீமையில் கதையாகப் பாடுகிறார்கள். ராஜா பாய்ந்தால் அது வீரம். அதே ரஸ்தாவில் கூலிக்கு வண்டி ஓட்டுகிறவன் பாய்ந்தால் அது குற்றம்.

குற்றம் என்பதை நாம் மறுக்கவில்லை. யாருடைய குற்றம் என்றுதான் கேட்கிறோம்.

செஞ்சியைச் சுற்றியுள்ள ரஸ்தாக்களில் ஓடும் வண்டிகளைப் பாருங்கள். விற்பனைக் கூடத்துக்கு நெல் மூட்டை ஏற்றி வரும் லாரி, குவாரியிலிருந்து ஜல்லி கொண்டு போகும் டிப்பர், விடியுமுன் ஊர் ஊராக நின்று சிப்காட் ஆலைகளுக்கு ஆள் ஏற்றும் வேன், நடவுக்கும் களையெடுப்புக்கும் பெண்களை நிற்க வைத்து அடைத்துச் செல்லும் சின்ன சரக்கு வண்டி, அமாவாசை ராத்திரியில் மேல்மலையனூருக்கு ஜனங்களைச் சுமந்து போகும் பஸ். இவற்றை ஓட்டுகிறவர்கள் வேற்று மனிதர்கள் அல்ல. ஏர் பிடித்தவரின் மகனும், ஆலையில் வேலை போனவரும், நிலம் இல்லாத குடும்பத்தில் லைசென்ஸ் ஒன்றையே சொத்தாக வைத்திருப்பவரும்தான்.

அந்த டிரைவரைக் கையோடு நிறுத்தி ‘வேகம் அதிகம்’ என்று ரசீது போடுகிறார்கள். அல்லது எங்கோ ஒரு காமிரா படம் பிடித்து, வண்டிச் சொந்தக்காரரின் போனுக்கு மெசேஜ் வருகிறது. உடனே நாலு பக்கமும் ஒரே புத்திமதி: “கட்டிவிட்டுப் போ. கோர்ட்டு, வாய்தா என்று அலைந்தால் கூலி போகும்.” போலீசும் அதைச் சொல்கிறது, முதலாளியும் சொல்கிறார், டீக்கடையில் நம் ஆட்களும் சொல்கிறார்கள்.

இந்தப் புத்திமதி டிரைவருக்குக் கேடு, ரஸ்தாவில் நடக்கும் ஜனங்களுக்கும் கேடு என்பதே நம் வாதம்.

வேகத்துக்கு வக்காலத்து இல்லை

ஒரு விஷயத்தை முதலிலேயே தெளிவாகச் சொல்லி விடுகிறோம். வேகம் உயிர் குடிக்கிறது. மத்திய சர்க்காரின் போக்குவரத்து இலாகா வெளியிட்ட கணக்கின்படி, 2022-ம் வருஷத்தில் இந்த நாட்டில் ரஸ்தா விபத்துகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 100-க்கு 71 பேர் மிதமிஞ்சிய வேகத்தால் செத்தவர்கள். அந்த வருஷம் விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் நாட்டிலேயே முதலிடம்: 64,105 விபத்துகள்.

செத்தவர்கள் யார்? 100-க்கு 44 பேர் இரு சக்கர வண்டியில் போனவர்கள். 100-க்கு 19 பேர் நடந்து போனவர்கள். நடந்து போகிறவன் மில் முதலாளி அல்ல. ஷிப்டு முடிந்து வீடு திரும்புகிற தொழிலாளியும், தலையில் புல்லுக்கட்டோடு ரஸ்தாவைக் கடக்கிற விவசாயக் கூலிப் பெண்ணும், பள்ளிக்கூடம் விட்டு வருகிற அவர்கள் பிள்ளையும்தான். ஆகவே வேகத்தை ஆதரிக்கிற பேச்சுக்கு இங்கே இடமில்லை. குடித்துவிட்டு ஓட்டுகிறவனுக்கும், விளையாட்டுக்காக முறுக்கிக் கொண்டு பறக்கிற பணக்கார வீட்டுப் பிள்ளைக்கும் நாம் பரிந்து பேசப் போவதில்லை.

ஆனால் நோய் ஒரு இடத்தில் இருக்க, மருந்தை வேறு இடத்தில் தடவினால் நோய் தீருமா? கூலிக்கு ஓடும் வண்டியின் வேகம் டிரைவரின் காலில் பிறப்பதில்லை. அது முதலாளியின் கணக்குப் புத்தகத்தில் பிறக்கிறது.

வேகத்தின் முதலாளி யார்?

கணக்குப் போட்டே பார்ப்போம். செஞ்சியிலிருந்து திண்டிவனம் சுமார் 28 கிலோமீட்டர். ஒரு முதலாளி, “40 நிமிஷத்தில் போய்ச் சேர வேண்டும்” என்று சொல்கிறார் என்று வைத்துக் கொள்வோம். வழியில் 12 இடத்தில் நின்று ஆள் ஏற்றி இறக்க வேண்டும். இடத்துக்கு ஒரு நிமிஷம் என்றாலும் 12 நிமிஷம் போச்சு. மீதி 28 நிமிஷம். 28 கிலோமீட்டரை 28 நிமிஷத்தில் ஓட வேண்டும். அதாவது ஸ்டாண்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து போய்ச் சேரும் வரை, மணிக்கு 60 கிலோமீட்டர் சராசரி. ஊருக்குள் தணிக்காமல், வளைவில் தணிக்காமல், ஆடு மாடு குறுக்கே வந்தாலும் தணிக்காமல் ஓடினால்தான் இந்தச் சராசரி வரும். தணித்தால் திறந்த ரஸ்தாவில் 80-ஐத் தொட்டுத்தான் அதை ஈடு கட்ட முடியும். இந்த 80-ஐத் தீர்மானித்தது யார்? டிரைவரா? 40 நிமிஷம் என்று சொன்ன வாயா?

டிப்பர் டிரைவரின் கதையும் இதேதான். அவருக்கு மாதச் சம்பளம் என்று நிலையாக ஒன்று இல்லாமல், நடைக்கு இவ்வளவு பேட்டா என்று பேசுகிறார்கள். நாலு நடை அடித்தால் அடுப்பு எரியும். ஆறு நடை அடித்தால் வட்டிக் கடன் அடையும். குவாரியில் இரண்டு மணி நேரம் லோடுக்குக் காத்துக் கிடந்த நேரத்துக்குக் காசு கிடையாது. அந்த இரண்டு மணியை ரஸ்தாவில்தான் பிடித்தாக வேண்டும்.

ஆலை வேன் டிரைவரைப் பாருங்கள். கேட்டில் அடையாளம் வைக்கும் நேரம் தாண்டினால் வேனில் வரும் நாற்பது பெண்களுக்கும் கூலி வெட்டு. வேன் ஒப்பந்தக்காரருக்கு ஆலை நிர்வாகத்தின் ஏச்சு. ஒப்பந்தக்காரர் அந்த ஏச்சை அப்படியே போனில் டிரைவர் காதில் ஊற்றுகிறார். பிறகு அவர் கால் எங்கே அழுத்தும்?

மில் தொழிலாளித் தோழர்களுக்கு இது புதிய சங்கதி அல்ல. கதிரின் வேகத்தைக் கூட்டுவது நிர்வாகம். நூல் அறுந்தால் அபராதம் தொழிலாளிக்கு. ஒரு ஆள் பார்க்கும் மிஷினை இரண்டாக்குவது நிர்வாகம். விரல் நசுங்கினால் ‘கவனக்குறைவு’ என்று எழுதுவது தொழிலாளியின் பெயரில். ரஸ்தாவும் இன்று ஒரு ஆலைதான். அங்கே மேஸ்திரி முதலாளியின் போன். அபராதச் சீட்டு எழுதுகிற வேலையை மட்டும் சர்க்கார் எடுத்துக் கொண்டிருக்கிறது.

தூங்குகிற சட்டப் பிரிவு

“இதெல்லாம் உங்கள் வர்க்கப் பேச்சு. சட்டத்தின் முன்னே ஓட்டியவன்தான் குற்றவாளி” என்று சிலர் சொல்வார்கள். சட்டத்தைப் படித்திருந்தால் இப்படிச் சொல்ல மாட்டார்கள்.

1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தில் வேகத்தைப் பற்றிய பிரிவு 183. அதன் முதல் உட்பிரிவு, வேகமாக ஓட்டியவரை மட்டும் சொல்லவில்லை. தன்னிடம் வேலை செய்கிறவரை அப்படி ஓட்ட வைத்தவரையும் அதே தண்டனைக்கு உள்ளாக்குகிறது. நாலாவது உட்பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதன் சாரம் இது: ஒரு பயணத்தை இத்தனை நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று ஒருவர் நேர அட்டவணை வெளியிட்டாலோ, உத்தரவு கொடுத்தாலோ, வேக வரம்பை மீறாமல் அந்த நேரத்துக்குள் போய்ச் சேருவது நடக்கிற காரியம் அல்ல என்று கோர்ட்டு கருதினால், அந்த அட்டவணையே, அந்த உத்தரவே, அதைக் கொடுத்தவர் குற்றம் செய்தார் என்பதற்கு முதல் நோக்கிலான சாட்சியம்.

மறுபடியும் படியுங்கள், தோழர்களே. முதலாளி வண்டியில் ஏறியிருக்க வேண்டியதில்லை. ஸ்டீயரிங்கைத் தொட்டிருக்க வேண்டியதில்லை. 28 கிலோமீட்டருக்கு 40 நிமிஷம் என்று அவர் கொடுத்த உத்தரவே அவருக்கு எதிரான சாட்சி. தனியார் அட்டவணை, சர்க்கார் கழக அட்டவணை என்று இந்தப் பிரிவு பேதம் பார்க்கவில்லை.

இது நம் நாட்டில் மட்டும் உள்ள விநோதமும் அல்ல. முதலாளித்துவத்தின் தாய்வீடான இங்கிலாந்தில், 1984-ம் வருஷத்துச் சட்டம் ஒன்றின் 89-வது பிரிவிலும் இதே ஏற்பாடு உண்டு. முடியாத நேர அட்டவணை கொடுக்கிற முதலாளிக்கு எதிராக அந்த அட்டவணையையே கோர்ட்டில் வைக்கலாம். டிரைவரை விரட்டுவது யார் என்பது சட்டம் எழுதியவர்களுக்குத் தெரியாத ரகசியம் அல்ல என்பதற்கு இதுவே அத்தாட்சி.

அப்படியானால் நாம் போலீஸ் இலாகாவைக் கேட்கிறோம்: செஞ்சி, திண்டிவனம், விழுப்புரம், திருவண்ணாமலை வட்டாரங்களில் வேகத்துக்காக டிரைவர்கள் மேல் போட்ட வழக்குகள் எத்தனை? அதே வண்டிகளின் முதலாளிகள் மேல், அட்டவணைக்காகவும் உத்தரவுக்காகவும் போட்ட வழக்குகள் எத்தனை? இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெளியிடுங்கள். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று ஊரில் பழமொழி சொல்வார்கள். இங்கே அம்பை நோவதோடு நிற்கவில்லை; அம்பிடம் அபராதமும் வாங்குகிறார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். முதலாளி குற்றவாளி என்று ஆனால் டிரைவர் தானாக விடுதலை ஆகி விடுவார் என்று இந்தப் பிரிவு சொல்லவில்லை. ஓட்டியவர் ஓட்டியதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஆனால் ஓட வைத்தவரும் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். அவர் நின்றால்தான் 40 நிமிஷம் 55 நிமிஷமாகும். டிரைவர் ஆயிரம் முறை அபராதம் கட்டினாலும் அட்டவணை ஒரு நிமிஷம்கூட நீளாது.

‘கட்டிவிட்டுப் போ’ என்பதில் உள்ள கண்ணி

2019-ல் மத்திய சர்க்கார் இந்தச் சட்டத்தைத் திருத்தியது. அந்த வருஷம் செப்டம்பர் 1 முதல் புதிய அபராதங்கள் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முன் வேகத்துக்கு முதல் தடவை அபராதம் 400 ரூபாய் வரைதான். திருத்தத்துக்குப் பின் இலகு ரக வண்டிக்கு 1,000 முதல் 2,000 ரூபாய் வரை. நடுத்தர, கனரக வண்டிக்கு 2,000 முதல் 4,000 ரூபாய் வரை. தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் சர்க்கார் ஆணை போட்டு, ரஸ்தாவிலேயே வசூலிக்கும் தொகைகளை உயர்த்தியது.

ரூபாயை எல்லோரும் பார்க்கிறார்கள். ரூபாய்க்குப் பின்னால் உள்ள கண்ணியைப் பார்ப்பதில்லை. முன்பெல்லாம் இடத்திலேயே பணத்தைக் கட்டினால் சங்கதி அதோடு முடிந்தது. 2019 திருத்தத்தின்படி, சமரசமாகக் கட்டித் தீர்த்த குற்றமும் கணக்கில் நிற்கும். அடுத்த தடவை பிடிபட்டால் அது ‘இரண்டாவது குற்றம்’. இரண்டாவது தடவை வேகக் குற்றம் என்றால் லைசென்சைக் கைப்பற்ற வேண்டும் என்று அதே 183 சொல்கிறது. கைப்பற்றிய லைசென்ஸ் வட்டாரப் போக்குவரத்து ஆபீசுக்குப் போகிறது. 19-வது பிரிவின்படி அங்கே 3 மாதத் தடையும் விதிக்கலாம். மறுபடியும் குற்றம் என்றால் லைசென்சையே ரத்தும் செய்யலாம்.

முதலாளிக்கு ஒரு டிரைவர் போனால் இன்னொரு டிரைவர். லைசென்ஸ் போன டிரைவருக்கு இன்னொரு பிழைப்பு ஏது? சொந்தக் கார் வைத்திருப்பவர் 3 மாதம் வாடகைக் காரில் போவார். லாரி டிரைவர் குடும்பம் 3 மாதம் எதைத் தின்னும்?

ஆக, இன்று சலிப்பில் கட்டுகிற ஆயிரம் ரூபாய், நாளைக்கு லைசென்சைப் பறிகொடுப்பதற்குப் போடுகிற அச்சாரம். மெசேஜ் முதலாளியின் போனுக்கு வந்து, அவர் பட்டனைத் தட்டிப் பணத்தைக் கட்டிவிட்டுச் சம்பளத்தில் பிடித்துக் கொண்டால் நிலைமை இன்னும் மோசம். எந்த இடம், எந்த நேரம், எத்தனை வேகம் என்று டிரைவர் படத்தைக்கூடக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார். மில் முதலாளிகூட, தொழிலாளியிடம் காரணம் கேட்காமல் அபராதம் போடக் கூடாது என்று 1936-ம் வருஷத்துச் சம்பளப் பட்டுவாடாச் சட்டம் விதித்தது. வெள்ளைக்காரன் காலத்திலேயே மில்லுக்குள் கிடைத்த அந்த மரியாதை ரஸ்தாவில் கிடையாதா?

கிடைக்கும். கேட்டால் கிடைக்கும்.

மாஜிஸ்ட்ரேட் முன்னால் கேட்க வேண்டியவை

குற்றத்தை ஒத்துக் கொள்ளாதவர் மேல் குற்றத்தை நிரூபிக்க வேண்டியது போலீசின் பொறுப்பு. இது பெரிய வழக்குக்கு மட்டும் உள்ள விதி அல்ல. வேகச் சீட்டுக்கும் உண்டு. இவற்றைத் தோழர்கள் மனதில் வைத்துக் கொள்ள வேண்டும்.

முதலாவது, கருவி. “பார்த்தாலே வேகம் என்று தெரிந்தது” என்று ஒரு சாட்சி சொல்வதை மட்டும் வைத்து வேகக் குற்றத்தில் தண்டிக்க முடியாது. 183-ன் மூன்றாவது உட்பிரிவு இதைத் தடுக்கிறது. சாட்சியின் அபிப்பிராயம் ஒரு கருவியால் அளந்த கணக்கின் மேல் நிற்க வேண்டும். அளந்த கருவி எது, காட்டிய எண் என்ன என்று கேளுங்கள்.

இரண்டாவது, கருவியின் யோக்கியதை. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஆகஸ்டில் சேர்த்த 167-ஏ விதியைப் பாருங்கள். காமிராவானாலும் சரி, கையில் பிடிக்கும் வேகத் துப்பாக்கியானாலும் சரி, அது சரியாக வேலை செய்கிறது என்று சர்க்கார் நியமித்த அதிகாரியின் சான்றிதழ் வேண்டும். அந்தச் சான்றிதழை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். கறிக்கடைத் தராசுக்கே முத்திரை வைக்கிறார்கள். பிழைப்பை நிறுக்கிற தராசுக்கு முத்திரை வேண்டாமா?

மூன்றாவது, எச்சரிக்கைப் பலகை. காமிரா கண்காணிக்கிற ரஸ்தாவில், அந்த இடம் வருமுன் கண்ணில் படும்படி பலகை இருக்க வேண்டும் என்பது அதே விதி. வேக வரம்பை ஒரு இடத்தில் சர்க்கார் விசேஷமாகக் குறைத்தால் அதற்கும் பலகை வைத்தாக வேண்டும். புளியமரத்துக்குப் பின்னால் மறைந்த பலகையும், சினிமா போஸ்டர் ஒட்டிய பலகையும் பலகை ஆகா. போனில் படம் எடுத்து வைத்துக் கொள்ளுங்கள்.

நாலாவது, சீட்டில் இருக்க வேண்டியவை. கருவி மூலம் வந்த சீட்டானால் வண்டி எண் தெளிவாகத் தெரியும் படம், கருவி காட்டிய அளவு, தேதி, நேரம், இடம், மீறிய சட்டப் பிரிவு எல்லாம் அதில் இருக்க வேண்டும். குற்றம் நடந்ததாகச் சொல்லும் நாளிலிருந்து 15 நாளுக்குள் சீட்டு அனுப்ப வேண்டும் என்பது விதி.

ஐந்தாவது, தாமதம். வேக வழக்குக்கு 209-வது பிரிவு ஒரு காவல் வைத்திருக்கிறது. அந்த இடத்திலேயே “உன் மேல் வழக்கு வரும்” என்று எச்சரித்திருக்க வேண்டும்; அல்லது 14 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பியிருக்க வேண்டும்; அல்லது 28 நாளுக்குள் சம்மன் சார்வு செய்திருக்க வேண்டும். இதில் ஒன்றும் இல்லையென்றால் தண்டிக்க முடியாது. தக்க முயற்சி எடுத்தும் டிரைவரின் அல்லது வண்டிச் சொந்தக்காரரின் பெயரும் விலாசமும் உரிய காலத்தில் தெரியாமல் போயிருந்தாலோ, டிரைவரின் நடத்தையாலேயே நோட்டீஸ் தவறியிருந்தாலோ இந்தக் காவல் அவருக்கு உதவாது.

ஆறாவது, எல்லாவற்றிலும் முக்கியமானது, முதலாளியின் உத்தரவு. டிரிப் ஷீட்டைப் பத்திரப்படுத்துங்கள். பேட்டாச் சீட்டைக் கிழித்துப் போடாதீர்கள். “இன்னும் பத்து நிமிஷத்தில் வராவிட்டால் நாளைக்கு வேலைக்கு வராதே” என்று போனில் வந்த குரல் மெசேஜை அழிக்காதீர்கள். அதுவே சட்டம் சொல்கிற ‘உத்தரவு’. அதை மாஜிஸ்ட்ரேட் முன்னால் வைத்து, “ஐயா, வண்டியை நான் ஓட்டினேன்; என்னை ஓட்டியவர் இவர்” என்று சொல்லுங்கள்.

பொய் சொல்லச் சொல்லவில்லை. கருவி சரியாக இருந்து, பலகை சரியாக இருந்து, வேகமும் உண்மையாக இருந்தால் கோர்ட்டில் ஒளிக்க வேண்டாம். ஆனால் அப்போதும் வாயை மூடிக் கொண்டு அபராதம் கட்டிவிட்டுத் திரும்பாதீர்கள். ஏன் ஓடினோம் என்பதைச் சொல்லிவிட்டுத் திரும்புங்கள். லைசென்ஸ் விஷயத்திலும் அப்படியே. தடை விதிக்குமுன் டிரைவரின் வாதத்தைக் கேட்க வேண்டும், காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும் என்று 19-வது பிரிவே சொல்கிறது. அந்த விசாரணைக்கும் அட்டவணையோடு போங்கள்.

போன் மெசேஜில் வரும் வழக்கைக் கணினிக் கோர்ட்டில் பார்க்கும்போது, கட்டுவதற்கு ஒரு வழி இருப்பது போலவே எதிர்ப்பதற்கும் ஒரு வழி உண்டு. எதிர்த்தால் வழக்கு அந்த எல்லைக்குரிய கோர்ட்டுக்கு வருகிறது. கெடுத் தேதியைப் பார்த்து அதற்குள் செய்யுங்கள். கெடு தாண்டினால் நல்ல கட்சியும் தோற்கும்.

வக்கீலுக்குப் பணம் எங்கே என்ற கேள்வி வரும். 1987-ம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி, பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், ஆலைத் தொழிலாளர், குறைந்த வருமானக்காரர் ஆகியோருக்கு இலவச வக்கீல் உதவி உரிமை உண்டு. தாலுகாக் கோர்ட்டில் வட்ட சட்டப் பணிகள் குழுவைக் கேளுங்கள். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். அது தர்மம் அல்ல, உரிமை.

ஆயிரம் ரூபாய் எல்லோருக்கும் ஒன்றா?

“அபராதம் எல்லோருக்கும் சமம்தானே?” என்று கேட்கிறார்கள். 2024–25-ல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த நாள் கூலி 319 ரூபாய். ஆயிரம் ரூபாய் அபராதம் என்றால் மூன்று நாள் மண் வெட்டியது முழுக்கப் போய், நாலாவது நாளிலும் ஒரு பங்கு போகும். 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் சேர்ந்தது. அதைப் பார்க்கக் குளிர்சாதனக் காரில் வருகிற கனவானுக்கு ஆயிரம் ரூபாய் என்பது வழியில் ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவு. ஒருவனுக்கு வயிறு, ஒருவனுக்குச் சில்லறை. இதன் பெயர் சமத்துவமா?

பின்லாந்து தேசத்தில் வேறு கணக்கு. அங்கே 1921 முதலே அபராதத்தை ஆளின் ஒரு நாள் வருமானத்தை வைத்து அளக்கிற முறை உண்டு. 2023-ல் அந்நாட்டைச் சேர்ந்த ஆலந்துத் தீவில் ஒரு கோடீசுவர வியாபாரி, 50 கிலோமீட்டர் வரம்புள்ள இடத்தில் 82-ல் போனார். அவருக்கு விதித்த அபராதம் 1,21,000 யூரோ. நம் பணத்தில் ஒரு கோடி ரூபாய்க்கு மேல். அங்கே சோஷலிஸ சர்க்கார் நடக்கவில்லை, முதலாளித்துவ சர்க்கார்தான். அதுவே இவ்வளவு செய்யும்போது, ‘ஏழைகளின் காவலர்’ என்று மேடை போட்டுப் பேசுகிறவர்கள் இங்கே ஏன் செய்யக் கூடாது?

தனி ஆளாகப் போகாதீர்கள்

“கோர்ட்டுக்குப் போனால் ஒரு நாள் கூலி போச்சு” என்பது உண்மை. தனி ஆளுக்கு அது பெரிய பாரம். அதனால்தான் இதைத் தனி ஆள் விவகாரமாக விடக் கூடாது என்கிறோம். ஒரு ஸ்டாண்டில் இருபது டிரைவர்கள் இருந்தால் இருபது பேரின் டிரிப் ஷீட்டையும் சேர்த்து ஒரு கட்டாகக் கட்டி வையுங்கள். ஒருவர் கோர்ட்டுக்குப் போகிற நாளின் கூலியை மற்றவர்கள் பங்கிட்டுக் கொடுங்கள். பத்து வழக்கில் ஒரே அட்டவணை கோர்ட்டின் முன்னால் வந்து நின்றால், அந்த அட்டவணைக்குப் பின்னால் இருப்பவரின் முகமும் தெரிந்தே தீரும்.

சேர்ந்து நின்றால் என்ன நடக்கும் என்பதற்கு நெடுந்தூரம் போக வேண்டாம். புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சங்கிதையில் 106-வது பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, விபத்து நடத்திவிட்டுத் தகவல் தராமல் போய்விடும் டிரைவருக்கு 10 வருஷம் வரை சிறை என்றது. பழைய சட்டத்தில், கவனக்குறைவால் மரணம் விளைவித்ததற்கு 2 வருஷம் வரைதான். 2024 ஜனவரியின் முதல் நாட்களில் நாட்டின் பல பாகங்களிலும் லாரி டிரைவர்கள் வண்டியை நிறுத்தினார்கள். பெட்ரோல் பங்குகளில் வரிசை நின்றது. ஜனவரி 2-ம் தேதி, கலந்து பேசாமல் இதை அமலாக்க மாட்டோம் என்று உள்துறைச் செயலாளர் சொல்ல வேண்டி வந்தது. அந்த வருஷம் ஜூலை 1-ம் தேதி புதிய சட்டம் அமலுக்கு வந்தபோது அந்த ஒரு உட்பிரிவை மட்டும் ஒதுக்கி வைத்தார்கள். படிக்காத டிரைவர்கள் என்று யாரைப் பேசினார்களோ, அவர்கள்தான் பார்லிமெண்டு நிறைவேற்றிய ஒரு உட்பிரிவை நிறுத்தி வைத்தார்கள்.

மில் தொழிலாளிகளுக்கும் விவசாயக் கூலிகளுக்கும் இதில் என்ன வேலை என்று நினைக்க வேண்டாம். அந்த வேனில் உட்கார்ந்திருப்பது நீங்கள். அந்தச் சரக்கு வண்டியில் நிற்பது உங்கள் வீட்டுப் பெண்கள். அந்த ரஸ்தா ஓரத்தில் நடப்பது உங்கள் பிள்ளை. டிரைவருக்குக் கொடுத்த 40 நிமிஷம் உங்கள் உயிருக்குப் போட்ட கெடு. ஆலைக் கேட்டில் வேன் தாமதமானால் கூலியை வெட்டாதே என்று நீங்கள் கேட்கிற நாளில், டிரைவரின் கால் தானாகத் தணியும்.

ஆகவே நாம் கேட்கிறோம்:

கூலிக்கு ஓடும் வண்டியின் டிரைவர் மேல் வேக வழக்குப் போடும்போதெல்லாம், அந்த வண்டியின் நேர அட்டவணையையும் டிரிப் ஷீட்டையும் போலீஸ் வரவழைக்க வேண்டும். அவை நடக்க முடியாதவையாக இருந்தால் முதலாளியையும் கூண்டில் ஏற்ற வேண்டும்.

நடைக்கு இவ்வளவு என்ற பேட்டா முறையை ஒழித்து, டிரைவருக்கு நிலையான மாதச் சம்பளமும், காத்திருக்கும் நேரத்துக்குக் கூலியும் கொடுக்க வேண்டும்.

அபராதச் சீட்டின் நகலையும் படத்தையும் கருவிச் சான்றிதழின் விவரத்தையும் டிரைவர் கையில் கொடுக்காமல் சம்பளத்தில் ஒரு காசுகூடப் பிடிக்கக் கூடாது.

அபராதத்தை வருமானத்தோடு சேர்த்து அளக்க வேண்டும்.

இவற்றில் முதல் கோரிக்கைக்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை. சட்டம் 1988-லிருந்தே புத்தகத்தில் இருக்கிறது. அதைத் தட்டி எழுப்ப ஒரு டிரைவர் மாஜிஸ்ட்ரேட் முன்னால் டிரிப் ஷீட்டை எடுத்து வைத்தால் போதும். அவர் பின்னால் இருபது பேர் நின்றால் இன்னும் நல்லது.